வீடற்றோரும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையிற் கல்வியைப் பற்றியும் கலையைப் பற்றியும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். இவ்வாண்டு வேறொரு பொருளை உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். நூல் நிலையத்திற் போய்த் தேடவேண்டிய பொருளன்று அது. இரவு பத்து மணிக்குமேல் நமது பஸ் நிலையத்தையும் புகையிரத நிலையத்தையும் மீன் சந்தையையும் ஒருமுறை சுற்றி வருவோர் எவரும் கண்ணாற் காணக்கூடியது. படுத்துறங்கத் தமக்கென ஓரிடம் இல்லாத மனிதரைப் பற்றியதே நமது பேச்சு.

திருகோணமலை ஈகையிற் குறைந்த ஊர் என்று எவரும் சொல்ல முடியாது. கோயில்தோறும் அன்னதானம் நடைபெறுகின்றது. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் தம் வாசலுக்கு வருவோரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அரசாங்கத்தின் சமூக சேவைத் திணைக்களம் இருக்கின்றது, வைத்தியசாலை இருக்கின்றது, தொண்டு நிறுவனங்களும் இருக்கின்றன. இத்தனை கைகள் கொடுத்துக்கொண்டிருக்க, ஒருவர் மழையில் நனைந்துகொண்டு கடை வாசலிற் படுத்திருப்பது எதனால்? ஒரு கைக்கும் மறு கைக்கும் இடையே உள்ள இடைவெளியில் அவர் விழுந்துவிடுவதனால். அந்த இடைவெளியை எப்படிக் கண்டறிவது, எப்படி அடைப்பது என்பதையே இன்று ஆராய்வோம்.

யார் வீடற்றவர்?

வீடற்றவர் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவர், சாக்கு விரித்துத் தெருவோரம் கிடப்பவர். அவர் ஒரு வகையினர் மாத்திரமே. சுகமானபின்னும் அழைத்துச் செல்ல ஆளில்லாமல் வைத்தியசாலை வாசலிலே தங்கிவிடும் முதியவர் இன்னொரு வகை. கணவனின் அடி தாங்காமற் பிள்ளைகளோடு வெளியேறி, இன்று அக்காள் வீடு, நாளை சிநேகிதி வீடு என்று மாறி மாறித் தங்கும் பெண் மற்றொரு வகை. கடலுக்குப் போகும் வலிமை போனபின் வாடியிலேயே காலந்தள்ளும் கிழவர், மனநோயினால் வீட்டைவிட்டு அலையும் வாலிபர், வேலை தேடித் துறைமுகப் பக்கம் வந்து வேலையும் கிடைக்காது திரும்பிப்போகப் பணமும் இல்லாது நிற்பவர், இவர்கள் எல்லாரும் வீடற்றவரே. கல்லோயாச் சந்தியிலிருந்து பிரிந்து 1927இல் இவ்வூருக்கு வந்த புகையிரதப் பாதைக்கு இதுவே கடைசித் தரிப்பிடம். எங்கே போவதென்று தெரியாமல் வண்டியேறியவர் இறங்கும் இடமும் இதுவேயாகும்.

உறவினர் வீட்டுத் திண்ணையில் இருப்பவரைத் தெருவிற் காண முடியாது. ஆனால் இன்றைய திண்ணை நாளைய தெரு. ஆகையால் தெருவில் இருப்பவரை மாத்திரம் எண்ணினால் நம் கணக்குப் பிழைத்துவிடும்.

இவ்வகைத் துன்பம் நமது மாவட்டத்துக்குப் புதியதன்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திற் குண்டு போட்டதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தென்னமரவாடி மக்கள் 1984இல் ஊரைவிட்டு ஓடினர். 1990இல் எத்தனையோ குடும்பங்கள் காட்டு வழியாகவும் கடல் வழியாகவும் போயின. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. 2006 ஏப்ரிலிற் சம்பூர் மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய முகாம்களில் அவர்கள் காத்திருந்த காலம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். 2015இல் 818 ஏக்கர் காணியும், 2016இல் கடற்படை முகாம் இருந்த காணியும் விடுவிக்கப்பட்டபின்னரே தம் மண்ணை மிதித்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தபோது மீண்டும் மக்கள் மூட்டை கட்டினர். இச்சபையில் இருக்கும் குடும்பங்களுள் ஒருமுறையேனும் பிறர் கூரையின்கீழ் உறங்காத குடும்பம் எத்தனை இருக்கும்? வீடற்றவரை வேற்று மனிதராகப் பார்க்கும் உரிமை நம்மில் அநேகருக்கு இல்லை.

மூன்று கேள்விகள்

ஆழிப்பேரலைக்குப் பின் உதவிக்குப் பஞ்சம் இருக்கவில்லை. உலகின் பல திசைகளிலிருந்தும் தொண்டர் வந்தனர்; பொருள் வந்தது. ஆயினும் ஒரே முகாமுக்குப் பாத்திரங்கள் பலமுறை வந்து சேர, வேறொரு முகாம் ஒரு பாய்க்கும் காத்திருந்தது என்ற குறை கரையோரமெங்கும் எழுந்தது. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் முதலில் விதித்தது. மற்றைய பகுதிகளில் அது 100 மீற்றர். அந்த எல்லைக்குள் வாழ்ந்தவர்க்கு வேறு காணி தேடவேண்டியிருந்தது. காணி ஒருவர் பொறுப்பு, வீடு ஒருவர் பொறுப்பு, தண்ணீர் ஒருவர் பொறுப்பு என்றிருந்தபடியால், ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் மக்கள் தவித்தனர்.

அக்காலத்தில் ஐக்கிய நாடுகள் சபையினர் இலங்கையில் ஒரு தகவல் நிலையத்தை நிறுவி மூன்று கேள்விகளைக் கேட்டனர். யார்? என்ன? எங்கே? எந்த நிறுவனம், எந்த வேலையை, எந்த இடத்திற் செய்கின்றது என்று பட்டியல் எழுதி, அதனைத் தேசப்படத்திற் குறித்தனர். அவ்வாறு குறித்தவுடனே இரண்டு சங்கதிகள் புலப்படும். ஓரிடத்திற் புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும். வேறோரிடம் வெறுமையாய் இருக்கும். அந்த வெறுமையான இடமே வேலை செய்யவேண்டிய இடம் என்று படம் தானாகவே சொல்லிவிடும்.

இதனை மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணவேண்டாம். கோணேசர் கல்வெட்டு என்னும் நூலை இவ்வூரார் அறிவர். கவிராஜவரோதயன் இயற்றிய அந்நூல், குளக்கோட்டு மன்னனின் திருப்பணியைப் புகழ்வதோடு நின்றுவிடவில்லை. தானத்தார் கடமை யாது, வரிப்பத்தார் கடமை யாது, எந்தத் தொழும்பு எவர்க்கு உரியது என்று வகுத்துச் சொல்கின்றது. பிறப்பை வைத்துத் தொழிலை வகுத்த அந்த முறை இன்று நமக்கு வேண்டாம். ஆனால் ஒரு பெருங்காரியம் நடைபெற வேண்டுமானால் எவர் எதைச் செய்வது என்பதை வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல் எழுதிவைக்க வேண்டும் என்ற அறிவு நம் முன்னோர்க்கு இருந்தது. நமது நகரத்து மடத்தடி என்ற பெயரும் ஒன்றைச் சொல்கின்றது. வழிப்போக்கர் தங்க மடம் இருந்த காலத்தில் எங்கே போவது என்று எவரும் திகைக்கவில்லை. அந்தப் பெயரே வழி காட்டியது. இன்று அந்த மடத்தின் வேலை பத்துக் காரியாலயங்களிற் பிரிந்து கிடக்கின்றது. வழி காட்டும் பெயர் மாத்திரம் இல்லை.

கடிதத்திலிருந்து கடிதத்துக்கு

இடைவெளி எப்படி இருக்கும் என்று அறிய, ஒரு மூதாட்டியை மனத்தில் நினைத்துக்கொள்வோம். மூதூர்ப் பக்கத்தவர், கணவர் இல்லை, யுத்தகாலத்தில் இந்தியாவுக்குப் போய் முகாமில் இருந்து திரும்பியவர். இருந்த குடிசை வெள்ளத்தோடு போயிற்று. நகரத்துக்கு வந்து கோயில் வீதியில் இருக்கின்றார்.

அஸ்வெசும என்னும் அரசாங்க உதவிப்பணம் 2023 முதல் நடைமுறையில் இருக்கின்றது. அதற்கு விண்ணப்பிக்கலாமே என்கிறோம். அந்தப் பணம் வங்கிக் கணக்கிலேதான் சேரும். கணக்குத் திறக்கத் தேசிய அடையாள அட்டை வேண்டும். அட்டைக்கு விண்ணப்பிக்கக் கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி வேண்டும். கிராம உத்தியோகத்தரோ, தம் பிரிவில் வசிப்பவருக்கே அத்தாட்சி கொடுக்கலாம். தெருவில் இருப்பவர் எந்தப் பிரிவில் வசிப்பவர்? பிறப்புச் சாட்சிப் பத்திரமும் கேட்கப்படும். அது தொலைந்து போயிற்று. பிரதி எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும். பதிவே இல்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு வேறோர் வழியில் முயலவேண்டும். இந்திய முகாமிற் பிறந்த பேரப்பிள்ளை உடனிருந்தால், அப்பிள்ளையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திற் பதிந்து பிரசாவுரிமை பெற்றார்களா என்ற கேள்வியும் எழும். 1984இல் தமிழகத்திற் சா. செ. சந்திரகாசன் அவர்கள் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல ஆண்டுகளாக இப்பத்திர வேலையிலே உழைத்ததற்குக் காரணம் இதுதான்.

இதில் எந்த உத்தியோகத்தரும் தம் கடமையில் தவறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குரிய விதியின்படி நியாயமான பத்திரத்தையே கேட்கின்றனர். ஆயினும் ஐந்து நியாயங்கள் சேர்ந்து ஓர் அநியாயமாகிவிடுகின்றன. மூன்றாவது வாசலிலே அந்த மூதாட்டி களைத்துத் திரும்பிவிடுகின்றார். களைத்துத் திரும்பியவரைக் கணக்கெடுப்பவர் எவருமில்லை. விலாசம் இல்லாதபடியால் வீட்டுக்கு வழியில்லை. வீடு இல்லாதபடியால் விலாசத்துக்கு வழியில்லை.

சட்டமும் வீடற்றவரை நெடுங்காலம் கருணையோடு பார்க்கவில்லை. ஆங்கிலேயர் 1841இல் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், போக்கிடமின்மையைக் குற்றத்துக்கு அடுத்த வீடாகவே வைத்தது. உதவியின் வாசல் தெரியாதவர் முன் பொலிஸ் நிலையத்தின் வாசல் மாத்திரம் திறந்திருப்பது நாகரிகமுள்ள ஊருக்கு அழகாகாது.

எப்படிப்பட்ட படம்?

சார்ள்ஸ் பூத் என்னும் ஆங்கில வணிகர் லண்டன் மாநகரின் வறுமையை வீதி வீதியாக ஆராய்ந்து, 1889இல் நிறந்தீட்டிய படமாக வெளியிட்டார். செல்வர் வாழும் வீதிக்கு மஞ்சள், மிக வறியோர் வாழும் வீதிக்குக் கறுப்பு. அவருடைய ஆராய்ச்சி முதியோர்க்கு ஓய்வூதியம் வேண்டுமென்ற கோரிக்கைக்குப் பக்கபலமாயிற்று. 1908இல் அந்நாட்டில் அதற்குச் சட்டமும் வந்தது. எனினும் நாம் வரையவேண்டிய படம் வேறு. பூத் மக்களின் வறுமைக்கு நிறந்தீட்டினார். நாம் உதவியின் வாசல்களுக்கு நிறந்தீட்ட வேண்டும். இன்னார் இந்த இடத்திற் படுக்கின்றார் என்று புள்ளி குத்துவது அவருக்கு அவமானமுமாகும், ஆபத்துமாகும்.

ஒவ்வொரு வாசலைப் பற்றியும் ஏழு சங்கதிகளை ஏட்டிற் குறிக்கவேண்டும். என்ன உதவி, எங்கே, எந்த நாளில் எத்தனை மணிக்கு, யாருக்கு, அதாவது ஆணுக்கா, பெண்ணுக்கா, பிள்ளையோடு வருபவருக்கா, எந்தப் பத்திரம் கேட்பார்கள், யாரிடம் பேசவேண்டும், கடைசியாக எப்போது விசாரித்து உறுதி செய்தோம். இவற்றுள் ஏழாவதை அற்பமாக எண்ணவேண்டாம். மூடிப்போன வாசலைக் காட்டும் படம், படமே இல்லாமையிலும் கேடானது. நோயாளியை நடக்கவைத்து ஏமாற்றிவிடும்.

நாளையும் மணியையும் குறித்தால் நாம் எதிர்பாராத உண்மைகள் வெளிவரும். வெள்ளிக்கிழமை மூன்று இடங்களிற் சோறு கிடைக்கும், திங்கட்கிழமை ஓரிடத்திலும் கிடைக்காது என்று தெரியவந்தால், புதிதாக ஒரு சதம் திரட்டாமலே, ஓர் உபயகாரரை நாள் மாற்றும்படி கேட்டு ஒரு பசியை ஆற்றலாம். உணவு கொடுப்போர் பலர், குளிக்க இடம் கொடுப்போர் எவருமில்லை என்று தெரியவந்தால், அடுத்த ஆண்டு நம் சங்கம் எதற்குப் பணம் சேர்க்கவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வீட்டை இழந்தபின் கொடுக்கும் உதவியை மாத்திரமன்றி, இழவாமற் காக்கும் உதவியையும் ஏட்டிற் சேர்க்கவேண்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின்படி, தம்மைப் பராமரிக்கத் தவறிய பிள்ளைகள்மீது பெற்றோர் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, அடிக்கும் கணவனை வீட்டுக்குள் வராமல் தடுக்க நீதவான் கட்டளையிடலாம். அடிபட்டவள் தெருவுக்கு வரவேண்டியதில்லை. அடித்தவன் விலகி நிற்கட்டும். கட்டணம் கொடுக்க முடியாதோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது. பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929, மனநலத்துக்கு 1926 என்ற தொலைபேசி இலக்கங்கள் இருக்கின்றன. இவற்றை அறியாமலே வீட்டை விட்டு வெளியேறுவோர் உண்டு.

எச்சரிக்கை ஒன்றும் சொல்லவேண்டும். அடிக்கு அஞ்சி வந்த பெண்கள் தங்கும் இடத்தை ஊரறியும் படத்தில் ஒருபோதும் குறிக்கலாகாது. துரத்தி வருபவனுக்கும் அந்தப் படம் வழி காட்டிவிடும். அதற்குத் தொலைபேசி இலக்கம் மாத்திரம் போதும். வீடற்ற எவரையும் படம்பிடித்து வெளியிடலாகாது. பெயரையும் கதையையும் அவர் சம்மதமின்றி ஏட்டில் எழுதலாகாது. உதவி பெறுவதற்கு மானத்தை விலையாகக் கேட்பது தருமமன்று.

சேர்ந்து செய்தல்

படம் வரைந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. படம் வாசலைக் காட்டும். வாசல்வரை கூட நடக்க ஆள் வேண்டும். ஒருவரை, “அங்கே போய்க் கேளுங்கள்” என்று துண்டு எழுதிக் கொடுத்து அனுப்புவதிலும், கூடவே போய், அங்குள்ளவரிடம் ஒப்படைத்து, மூன்றாம் நாள், “காரியம் நடந்ததா?” என்று விசாரிப்பதிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. மூதாட்டியின் கதையில் விலாசம் என்ற முதல் முடிச்சை அவிழ்க்கப் பொறுப்பான ஒருவர் கூட நின்று, கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திடமும் பேசி வழி காணவேண்டும். இளைஞர்க்குரிய தொண்டு இதுவே. இதற்குப் பணம் வேண்டியதில்லை. பொறுமையும் துவிச்சக்கரவண்டியும் போதும்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றும் நமக்கு உதவும். முதலிற் குடியை விடு, நோயைத் தீர், வேலை தேடு, பிறகு வீடு தருவோம் என்பது பழைய முறை. 1992இல் நியூயோர்க் நகரில் அதனை மாற்றி, முதலில் வீடு, மற்றவை பிறகு என்று தொடங்கினர். பின்லாந்து தேசம் 2008 முதல் அதனை அரசாங்கக் கொள்கையாகவே நடத்தி, நீண்டகாலம் தெருவில் வாழ்ந்தோர் தொகையைப் பெரிதும் குறைத்தது. வீடுகளைக் கட்டிக் கொடுக்கும் சக்தி நமக்கில்லை. ஆனால் வந்தவரை அன்றிரவு படுக்கவைத்து, விசாரணையைக் காலையில் வைத்துக்கொள்ளும் பண்பை நாம் கைக்கொள்ளலாம். இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஓர் இரவுத் தங்குமிடம் வேண்டுமெனக் கட்டளையிட்டது. சென்னை மாநகராட்சி அரசாங்க வைத்தியசாலைகளின் அருகிலும், நோயாளரோடு வந்தவர் தங்கத் தங்குமிடங்களை அமைத்தது. வெருகலிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் நோயாளியோடு நமது வைத்தியசாலைக்கு வந்து, திரும்பிப்போகப் பஸ் இல்லாமல் வெளியே கிடப்பவரை நினைத்தால், அந்த யோசனையின் அருமை விளங்கும்.

இனி, பெரியோர் சிலர் மனத்தில் எழக்கூடிய இரண்டு கேள்விகள். இது அரசாங்கத்தின் வேலையல்லவா என்பது ஒன்று. ஆம், அரசாங்கத்தின் வேலையே. அதனை நாம் பறித்துக்கொள்ளப் போவதில்லை. எந்த வாசல் எவருக்கு எட்டவில்லை என்பதைக் காட்டி, அரசாங்கம் தன் வேலையைச் செய்ய உதவப்போகின்றோம். நம் மக்களுக்கே கைகொடுக்க ஆளில்லாதபோது எல்லாருக்கும் ஏன் என்பது மற்றொன்று. நமது மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றனர். ஆழிப்பேரலை கிண்ணியா என்றும் சல்லி என்றும் பார்த்து வரவில்லை. கோயிலின் உதவி கோயிலாருக்கு, பள்ளிவாசலின் உதவி பள்ளிவாசலாருக்கு என்று படத்தைக் கிழித்து மூன்றாக்கினால், இடைவெளிகளும் மூன்று மடங்காகும். பசித்தவனைப் பார்த்து நீ யார் என்று கேட்கும் வாசலுக்கு நம் ஏட்டில் இடம் இருக்கலாகாது. நமது வாசல் அப்படிப்பட்டதாயின் அதையும் திருத்திக்கொள்ளவேண்டும்.

ஆகையால் இச்சபை முன் மூன்று யோசனைகளை வைக்கின்றோம்.

முதலாவது: மாவட்டத்திலுள்ள 11 பிரதேச செயலகப் பிரிவுகளுள் நமது பட்டினமும் சூழலும் என்ற பிரிவிலிருந்து தொடங்குவோம். அங்கத்தவர் இருவர் இருவராகச் சென்று, உவர்மலை தொடங்கி உப்புவெளி வரையும், திருக்கடலூர் தொடங்கிப் பாலையூற்று வரையும் உள்ள உதவி வாசல்களை விசாரித்து ஏட்டில் எழுதட்டும். பின்னர் மூதூர், கிண்ணியா, குச்சவெளி, வெருகல் என்று, அவ்வவ்வூர் இளைஞரின் துணையோடு விரிப்போம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏட்டைச் சரிபார்ப்போம்.

இரண்டாவது: மாதம் ஒருமுறை எல்லாரும் கூடும் ஒரு கூட்டத்துக்குக் கச்சேரியைக் கேட்போம். சமூக சேவை உத்தியோகத்தர், வைத்தியசாலையின் மனநலப் பிரிவினர், பொலிஸ் நிலையத்தின் பெண்கள் சிறுவர் பிரிவினர், கோயில் தருமகர்த்தாக்கள், பள்ளிவாசல் நிருவாகிகள், குருமார், செஞ்சிலுவைச் சங்கத்தார் ஒரே மேசையைச் சுற்றி இருக்கட்டும். பேச்சு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: சென்ற மாதம் எந்த வாசலில் எவர் திரும்பிப் போனார், ஏன்?

மூன்றாவது: கூட நடப்பவர் என்ற பொறுப்பை அங்கத்தவர் பதின்மர் ஏற்கட்டும். பெண்களோடு செல்லப் பெண்களே முன்வரட்டும். ஒருவர் ஒரு சமயத்தில் ஒருவருக்கு மாத்திரம் துணை நிற்கட்டும். பத்துப் பேரைத் தொட்டு விடுவதிலும் ஒருவரைக் கரைசேர்ப்பது மேல்.

பெரியோர்களே, உங்களிடம் நாம் கேட்பது உங்கள் பெயரின் மதிப்பை. ஓர் இளைஞன் தனியே போய்க் கேட்டால் திறவாத சில கதவுகள், நீங்கள் உடன் வந்தால் திறக்கும். இளைஞர்களே, உங்களிடம் கேட்பது உங்கள் கால்களை. ஐப்பசி பிறந்தால் மாரி தொடங்கிவிடும்; வாடைக்காற்று கடற்கரையிற் படுத்திருப்பவரிடம் தவணை கேட்டு வருவதில்லை. மழைக்குமுன் பட்டினத்தின் ஏடாவது எழுதி முடிந்திருக்கவேண்டும். வேலை வரும் சனிக்கிழமை காலை தொடங்குகின்றது. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் கொடுத்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.